பின்சீட்டில் மூன்றாம் நபர்

ஆவணி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை காலையில் செங்காட்டுப்பாளையத்துக்காரர்கள் அவரவர் காரைத் துடைக்கத் துணியும் வாளியுமாகப் போனபோது, இன்சூரன்ஸ் உயிரோடு இருந்த ஒவ்வொரு காரின் பின்சீட்டிலும், இடது பக்க ஜன்னலோரமாக, முன்பின் பார்த்திராத ஒருவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். பேரைக் கேட்டால், கல்யாண வீட்டில் யாரென்று தெரியாதவர் வந்து நலம் விசாரித்தால் நாம் ஒரு சிரிப்புச் சிரிப்போமே, அப்படிச் சிரித்தார்கள். இறங்குங்கள் என்றால் காது கேட்காதவர்களைப் போல வெளியே பார்த்தார்கள். அன்றைக்கு ஊர் முதலில் கேட்ட கேள்வி இவர்கள் யார் என்பதல்ல, இந்தக் கனத்தினால் மைலேஜ் குறையுமா என்பதுதான். குறையவில்லை என்று தெரிந்ததும் பாதிப் பேர் சமாதானமாகிவிட்டார்கள்.

செங்காட்டுப்பாளையம் காங்கேயத்துக்குத் தெற்கே, பைபாஸ் ரோடு நடுவில் புகுந்து இரண்டாகப் பிரித்துவிட்ட ஊர். எண்ணெய் மில்லும் தேங்காய்க் களமும் சேர்ந்து அந்த ஊருக்குக் கார் ஆசையைக் கொடுத்திருந்தன, ஆசையைக் காட்டிலும் அதிகமாக அபிப்பிராயத்தைக் கொடுத்திருந்தன. ஒருவன் கார் வாங்கப்போகிறான் என்று காதில் விழுந்தால் போதும், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர் வந்து வெள்ளைக் கலரே எடு, விற்கிறபோது விலை போகும் என்பார். இன்னொருவர் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதா என்று விரல் மடக்கிப் பார்ப்பார். பழைய கார் விற்க வருகிறவர்கள் எல்லோரும் அது ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி என்றே சொல்வார்கள், அவர்கள் சொன்னதையெல்லாம் நம்பினால் அந்தச் சீமையில் நோயாளிகளைவிட டாக்டர்கள்தான் ஜாஸ்தி இருந்திருக்க வேண்டும். வண்டி வந்த அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள், சீட்டின் பிளாஸ்டிக் உறையை மூன்று வருஷத்துக்குப் பிரிக்க மாட்டார்கள், பெற்ற பிள்ளையின் முதுகைத் தேய்க்காதவர்கள் பம்பரைத் தேய்ப்பார்கள். இத்தனை பாசமும் இன்சூரன்ஸ் என்று வந்தால் மட்டும் சுருங்கிவிடும். "என்ற வண்டிக்கு என்ன ஆயிறப் போகுது" என்பது ஊரின் பொது அபிப்பிராயம்.

அந்த அபிப்பிராயத்தோடு இருபத்திரண்டு வருஷமாக மல்லுக்கட்டியவர் ஏஜெண்டு சென்னியப்பன். ஊரில் பாதிக் கார்களுக்குப் பாலிசி போட்டவர் அவர்தான், ஆனால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஓட்டும் ஆசையும் கிடையாது. ரெக்ஸின் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊரெல்லாம் நடந்தே போவார். "பாலிசி போச்சுன்னா போறது பாலிசி மட்டும்தானுங்க, ஆபத்து அங்கியேதான் இருக்கும்" என்று களம் களமாகச் சொல்லுவார். கண்டக்டர் ஸ்டாப் பேரைச் சொல்வது மாதிரி அது அவருக்கு வாயில் வந்துவிட்ட வாசகம், அதை ஒரு நாளும் அவர் நின்று யோசித்ததில்லை.

ஆடி மாதத்தில் அவருக்கு ஒரு நல்லெண்ணம் வந்தது. பாலிசி காகிதம் முழுக்க இங்கிலீஷில் இருப்பதால்தான் ஜனங்களுக்கு அதன்மேல் ஒட்டுதல் வரவில்லை என்று நினைத்து, கம்ப்யூட்டர் சென்டரில் தமிழில் ஒரு சீட்டு அடித்து ஒவ்வொரு பாலிசியோடும் இணைத்துக் கொடுத்தார். முதல் நபர்: தாங்கள். இரண்டாம் நபர்: கம்பெனி. மூன்றாம் நபர்: என்று போட்டு அதற்கு நேரே ஒரு கோடு. உங்கள் வண்டி யார்மேலாவது மோதினால் அவர்தான் மூன்றாம் நபர், அவருக்குக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பது விஷயம். ஆனால் கோட்டைப் பார்த்ததும் எல்லோரும் பேனாவை எடுத்துவிட்டார்கள். வாரிசுப் பேரைக் கேட்கிறார்கள் போலும் என்று சிலர் பெண்டாட்டி பேரை எழுதினார்கள், சிலர் முருகன் துணை என்று எழுதினார்கள். சென்னியப்பன் ஒவ்வொருவரிடமும் ஒயிட்னர் போட்டு அழித்து, "அது யாருன்னு இப்பத் தெரியாதுங்க, சும்மா விடுங்க" என்றார். போட்டி ஏஜெண்டு ரெங்கராசு அந்தச் சீட்டையே ஜெராக்ஸ் எடுத்துத் தன் வாடிக்கைக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டார். இப்படியாகச் செங்காட்டுப்பாளையம் முழுவதும் மூன்றாம் நபருக்கு நேரே ஒரு கோடு காலியாகக் கிடந்தது. தமிழில் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு உட்கார இடமும் போட்டுவைத்தால் வராமல் என்ன செய்வார்கள் என்று பிற்பாடு சிலர் பேசிக்கொண்டார்கள், அதற்கு மேல் காரணத்தை யாரும் தோண்டவில்லை.

முதல் வாரத்தில் பூசாரி வந்து திருநீறு போட்டார், மூன்றாம் நபர்கள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது வாரத்தில், வெயிலில் நிறுத்தினால் அவர்களுக்கு வியர்க்கிறது என்று யாரோ கவனித்துச் சொல்ல, ஊரில் வேப்பமர நிழலுக்கு அடிபிடி வந்தது. ஜன்னலை ஒரு விரல் அகலம் இறக்கிவிட்டுப் போகும் வழக்கம் வந்தது. வேகமாகப் போய்ச் சடாரென்று பிரேக் அடித்தால் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு வரும், அதைக் கேட்ட பாவத்துக்கு மறுபடி அப்படிப் பிரேக் அடிக்க மனசு வராது. மூன்றாவது வாரத்துக்குள் அவர்கள் ஊருக்கு வந்து தங்கின ஒறம்பரை மாதிரி ஆகிவிட்டார்கள். எந்த வண்டியில் யார் இருக்கிறார் என்பது அபிப்பிராயங்களின் பட்டியலில் சேர்ந்துகொண்டது. பழைய கார் பார்க்க வருகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஓனர் என்று கேட்டபின் குனிந்து பின்சீட்டைப் பார்த்து, ஆள் அமைதியாக இருப்பாரா என்றும் கேட்டார்கள். ஃபுல் கவர் போட்ட வண்டிகளில் மூன்றாம் நபர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அது சென்னியப்பன் கிளப்பிவிட்டதாகவும் இருக்கலாம்.

அவர்கள் யார் என்பது புரட்டாசியில் தெரிந்தது. வாடகைக் கார் ஓட்டும் ராக்கியப்பனின் பின்சீட்டில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர், வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டவர், ஒரு மாதமாக உட்கார்ந்திருந்தார். ஒரு வியாழக்கிழமை வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டு முன்னால் அதே ஆள், அதே சட்டை, அதே கட்டுவிரல், கையில் பன்னோடு ரோட்டில் இறங்கிவிட்டார். கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம் என்பதால் ராக்கியப்பனின் கால் மூளைக்கு முன்னாலேயே பிரேக்கை மிதித்தது. ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. பன்காரர் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டிவிட்டு அந்தப் பக்கம் போனார். ராக்கியப்பன் திரும்பிப் பார்த்தபோது பின்சீட்டில் ஆள் இல்லை. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் குடையும் சோற்றுத் தூக்குப்போசியுமாக வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் ஊரில் யாரும் வண்டியை வேகமாக எடுக்கவில்லை. இந்தக் கார் யார்மேல் ஏறப்போகிறதோ அவர்தான் இந்தக் காரில் ஏறியிருக்கிறார் என்பது ஒரே பொழுதில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பயந்தார்கள், அப்புறம் பழகினார்கள். ரிட்டையர்டு ஆன நாச்சிமுத்து வாத்தியாரின் காரில் ரெட்டைச் சடை போட்ட ஆறு வயதுப் பெண்குழந்தை உட்கார்ந்திருந்தது. வாத்தியார் அன்றோடு சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய் முன்சீட்டில் உட்கார்ந்து அதற்குப் பேப்பர் படித்துக் காட்டினார்.

எண்ணெய் மில் முதலாளி தங்கமுத்துவின் பெரிய வெள்ளை வண்டி எண்பதுக்குக் கீழே போய் ஊர் பார்த்ததில்லை. அவர் பின்சீட்டில் இருந்தவர் ஒரு ஆட்டுக்காரர். ஐப்பசி பிறந்த அன்று அந்த ஆட்டுக்காரரைப் பழையகோட்டைத் திருப்பத்தில் மயிரிழையில் தப்பவிட்டு, தங்கமுத்து மில்லுக்கு வந்து வண்டியை நிறுத்தினார். பாலிசி விஷயமாக அங்கே காத்திருந்த சென்னியப்பன் எப்போதும்போலப் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். ஜன்னலோரத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சென்னியப்பனின் பெண்டாட்டி வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள்.

வசந்தாமணி மேற்கு வீதி அங்கன்வாடியில் டீச்சர். அந்த நேரத்தில் அவள் அங்கே முப்பது பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதைச் சென்னியப்பன் ஓடிப்போய்ப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். வாசலில் நின்று மூச்சு வாங்கியவரைப் பார்த்து அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"என்ன சேலை கட்டியிருந்தேன்?" என்றாள்.

"பாக்கலையே."

"அதையாச்சும் பாத்துட்டு வந்திருக்கலாமல்லோ."

மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கத்திரிப்பூக் கலர், பச்சைக் கரை என்றார். அப்படியொரு சேலை அவளிடம் இல்லை. இல்லாத சேலையை வாங்காமலே இருந்துவிட்டால் போயிற்று என்று இரண்டு பேரும் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். பத்தாம் நாள் ஆபீஸிலிருந்து அங்கன்வாடி டீச்சர்களுக்குப் புது யூனிஃபாரம் சேலை வந்தது. பிரித்துப் பார்த்த வசந்தாமணி அதை மடித்துப் பீரோவில் வைத்தாள், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கட்டிக்கொண்டு போனாள். கட்டாவிட்டால் மெமோ வரும்.

ஊருக்கு இதில் வேறொரு விஷயம் அகப்பட்டது. அடுத்தவன் பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு தங்கமுத்து மில்லுக்கும் பேங்குக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிறார் என்று பேச்சு எழுந்தது. எதனால் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் பேசினார்கள், நம் ஜனங்களுக்குக் காரணம் தெரிவதும் பேச்சை நிறுத்துவதும் வேறு வேறு. தங்கமுத்துவின் மனைவி சரோஜினி அந்தக் காரில் ஏறுவதை விட்டுவிட்டாள். ஆனால் சென்னியப்பனுக்கு ஒன்று மட்டும் தெம்பாக இருந்தது: வசந்தாமணி ஏறியதிலிருந்து தங்கமுத்து நாற்பதைத் தாண்டவில்லை. தெரிந்த முகம் கண்ணாடியில் இருந்தால் கால் தானாக இளகிவிடுகிறது.

அப்போதுதான் நாச்சிமுத்து வாத்தியார் பாலிசியைப் புதுப்பிக்க மறந்தார். ஓட்டாத வண்டிக்கு என்ன பாலிசி என்று விட்டிருக்கவும் கூடும். கெடு முடிந்த மறுநாள் காலை பேப்பரோடு ஷெட்டுக்குப் போனவர், பின்சீட்டில் குழந்தையைக் காணாமல் சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார். பிறகு, போகட்டும், தப்பித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார். வீதியில் வந்து எல்லோரிடமும் சொன்னார். ஒரு மாதமாக எடுக்காத காரை எடுத்துக்கொண்டு பழைய வேகத்தில் தாராபுரம் போய்வந்தார். பாலிசி செத்தால் பின்சீட்டு காலியாகிவிடுகிறது என்ற செய்தி ஒரே நாளில் ஊர் சுற்றியது, ஜனங்களின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்த மாதம் சென்னியப்பன் கையில் புதுப்பிக்க வேண்டிய பதினேழு வண்டிகளில் பதினொன்று புதுப்பிக்கப்படவில்லை. மறுபடி பைபாஸில் காற்று கிழிபடும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. போலீஸ் பிடித்தால் அபராதத்தைக் கட்டிக்கொள்ளலாம், மனசாட்சியைக் கட்டிக்கொண்டு அழ முடியாது என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை எல்லோரும் நல்ல வார்த்தையாக எடுத்துக்கொண்டார்கள்.  பதினொரு வாடிக்கை போயிற்றே என்றுதான் சென்னியப்பனுக்கு அப்போது இருந்தது, அதை நினைத்தால் பிற்பாடு அவருக்கே வெட்கமாக இருக்கும்.

கார்த்திகை நான்காம் தேதி தங்கமுத்துவின் பாலிசி முடிந்தது. ஐந்தாம் தேதி காலை சென்னியப்பன் மில்லுக்குப் போய்ப் பார்த்தார். பின்சீட்டு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. முன்சீட்டில் சரோஜினி மல்லிகைப்பூவோடு ஏறி உட்கார்ந்திருந்தாள். தங்கமுத்து ஹாரனை அடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியபோது கிளம்பிய புழுதி அடங்க நேரமாயிற்று, அந்தப் புழுதிக்குள் நின்றுகொண்டிருந்த சென்னியப்பனுக்கு, இருபத்திரண்டு வருஷமாகத் தான் சொல்லிவந்த வாசகம் முதல் முறையாகத் தன் காதில் விழுந்தது. போனது பாலிசிதான். வசந்தாமணி எங்கேயும் போகவில்லை. இந்த வண்டிக்கு முன்னால், ஏதோ ஒரு ரோட்டில், கத்திரிப்பூக் கலர்ச் சேலையோடு அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள், இந்த மனுஷன் கண்ணுக்குத்தான் இப்போது தெரிய மாட்டாள். 

சாயங்காலம் வரை காத்திருந்து முதலாளியைப் பிடித்தார்.

"பாலிசிய ரினீவல் பண்ணிருங்க மொதலாளி. இன்னைக்கே போட்டர்றனுங்க."

"அட ஏனப்பா, இப்பத்தான் வீட்டுல மூஞ்சி கொடுத்துப் பேசறா."

"என்ற பொண்டாட்டிய உங்க வண்டியிலயே வெச்சுக்கங்க மொதலாளி. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

கணக்குப்பிள்ளை வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் நிறுத்தினார். இப்படியொரு விண்ணப்பத்தைப் புருஷன் என்று பேர் வைத்த ஒருவன் இன்னொருவனிடம் வைத்ததை அந்த மில் கேட்டதில்லை. தங்கமுத்து மட்டும் சிரித்தார். "ஒரு கமிசனுக்காக இம்புட்டு தூரம் எறங்கோணுமா சென்னியப்பா? பதினோரு பேரு கைவிட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். செலவுக்கு வேணும்னா வாங்கிட்டுப் போ. இந்த நாடகம் வேண்டாம்."

மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். அவர் எந்த வார்த்தையை எடுத்தாலும் அது ஏற்கெனவே நூறு களத்தில் நூறு பேரிடம் சொன்ன வார்த்தையாகவே இருந்தது. உயிர் என்றார், குடும்பம் என்றார், நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்றார். நெஞ்சிலிருந்துதான் வந்தது, வாயை விட்டு வெளியே வந்ததும் ஏஜெண்டு பேச்சாக மாறிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டிய நாளுக்கென்று தன்னிடம் ஒரு வார்த்தைகூட மிச்சம் வைத்துக்கொள்ளவில்லையே என்று மில் வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அழுததையும் கணக்குப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்து முதலாளியிடம் சொன்னார், நன்றாகச் செய்கிறான் என்றுதான் சொன்னார்.

நான்காம் நாள் சென்னியப்பன் முதல் பஸ்ஸில் திருப்பூர் போய், கம்பெனி கிளை ஆபீஸில் தன் ஏஜென்சியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ரப்பர் ஸ்டாம்பை வாங்கிக்கொண்ட மேனேஜர் என்ன சார் காரணம் என்றதற்கு, சொல்லத் தெரியவில்லை என்றார். வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் ஒப்புதல் கடிதத்தைக் காட்டினார். அவள் அதை இரண்டு முறை படித்தாள். "நானும் வாறேன்" என்று செருப்பை மாட்டினாள்.

தங்கமுத்து வீட்டுக் கூடத்தில் கடிதத்தை வைத்துவிட்டுச் சென்னியப்பன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "ரெங்கராசுகிட்டப் போடுங்க மொதலாளி, எனக்கு இதுல இனிமே ஒண்ணுமில்ல." தங்கமுத்து கடிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வசந்தாமணி அவர்களைப் பார்க்கவில்லை. சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்த சரோஜினியிடம் போனாள்.

"அக்கா, நான் பின்னால உக்காந்திருந்தா உங்களுக்குச் சங்கட்டந்தான். எனக்கே அது ஒரு மாதிரிதான் இருக்குது. ஆனா நான் அங்க இல்லீன்னா, ரோட்டுல இருப்பனுங்க."

 சரோஜினி உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பி, "போடுங்க. நானும் முன்னால ஏறிக்கறேன். பேசறவங்க பேசட்டும்" என்றாள்.

மறுநாள் காலை வெள்ளை வண்டி சென்னியப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றது, பின்சீட்டில் வசந்தாமணி கத்திரிப்பூக் கலரில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து வந்த வசந்தாமணி அப்போதுதான் முதன்முதலாகத் தன்னைப் பார்த்தாள். கதவைத் திறந்து, உட்கார்ந்திருந்தவளின் தோளில் நழுவியிருந்த முந்தானையைச் சரிசெய்து, பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாள். தங்கமுத்து இறங்கி வந்தார். கையில் ஒரு சின்ன டைரி இருந்தது.

"அம்மிணி, நீங்க எந்தெந்த ரோட்டுல, எந்தெந்த நேரத்துக்கு நடப்பீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க. தெரிஞ்சு வெச்சுக்கறேன்."

அவள் திண்டாடினாள். அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்: எட்டே முக்காலுக்கு அங்கன்வாடி, பதினொரு மணிக்குக் காய் வாங்க மேட்டுக்கடை, ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் சிலிண்டருக்காக மெயின் ரோடு, மாசத்தில் ஒரு நாள் மீட்டிங்குக்குப் பஸ் ஏற நால்ரோடு, புதன்கிழமை மில் கேட்டை ஒட்டின வழியாகத் தையல்காரம்மா வீடு. தங்கமுத்து எழுதிக்கொண்டே வந்தார். "அப்பறம் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலு மணிக்குப் பைபாஸத் தாண்டுவேன்" என்றாள்.

"பைபாஸுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குது?" என்று கேட்டது தங்கமுத்து அல்ல, சென்னியப்பன்.

"ஒரு வேலை இருக்குது" என்றாள் அவள்.

சென்னியப்பன் செய்த காரியம் ஊரின் நிம்மதிக்குச் சேதம் விளைவித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏஜென்சியையே எழுதிக் கொடுத்துவிட்டான் என்றால் அவன் சொன்னது ஏஜெண்டு பேச்சு இல்லை என்று ஜனங்கள் தாமதமாகப் புரிந்துகொண்டார்கள், ரெங்கராசு வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்தன. முதல் ஆளாக வந்தவர் நாச்சிமுத்து வாத்தியார். ரெட்டைச் சடைக் குழந்தை திரும்பி வந்த அன்று அவர் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விட்டுப்போன நாட்களின் பேப்பரையும் சேர்த்துப் படித்துக் காட்டினார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்குச் சென்னியப்பன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் நூறடி பின்னால் நடந்தார். பைபாஸ் ஓரத்தில் வசந்தாமணி நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். தாராபுரம் பக்கமிருந்து ஒரு தேங்காய் லாரி வந்து, அதன் மறைவில் தங்கமுத்துவின் வெள்ளை வண்டி வந்தது. லாரி போய்விட்டது என்று அவள் காலை எடுத்து வைத்தாள். சென்னியப்பன் ஓடக் காலெடுத்தார். ஆனால் வெள்ளை வண்டி அந்த இடத்தை நெருங்குவதற்கு வெகு முன்பே இருபதுக்கு இறங்கி, சிக்னல் போட்டு, அவளுக்கு நாலடி முன்னால் குலுங்காமல் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கண்ணாடிக்குள் தங்கமுத்து டைரியையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் சரோஜினி போங்க போங்க என்று கையைக் காட்டினாள். வசந்தாமணி ரோட்டைத் தாண்டி முடித்தபோது பின்சீட்டில் பெல்ட் மட்டும் மாட்டியபடி இருந்தது. அது முடிந்துவிட்டது. சென்னியப்பன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். பிறகுதான் அவரும் தாண்டி அவள் போன வழியே போனார்.

பைபாஸுக்கு அந்தப் பக்கம், பழைய பருத்திச் சந்தை மைதானத்தில், வெளியூர்க்காரர் ஒருவர் நடத்தும் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் போர்டு. ஸ்டீரிங்குக்குப் பின்னால் வசந்தாமணி சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இவ்வளவு பேருகிட்டக் காரப் பத்திப் பேசறீங்க, நமக்கொண்ணு வாங்கலாங்களா" என்று அவள் எப்போதோ கேட்டதும், நமக்கெதுக்கு அந்த வம்பு என்று தான் முடித்துவிட்டதும் சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது. சொல்லித் தருகிறவர் கீழே இறங்கிப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். சென்னியப்பனைப் பார்த்ததும் அவர் திடுக்கிட்டுப் பின்சீட்டைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார், பீடியைக் கீழே போட்டார்.

பின்சீட்டில், இடது பக்க ஜன்னலோரமாக, ரெக்ஸின் பையை மடியில் வைத்துக்கொண்டு சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார்.

"எத்தன நாளா?" என்று கேட்டார் வெளியே நின்ற சென்னியப்பன்.

"மூணு வாரமாச்சு. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொன்னா நீங்க ரோட்டுக்கே வரமாட்டீங்க. ஏஜெண்டு வூட்டுலயே உக்காந்துட்டா பொழப்பு என்னாகறது?" கண்ணாடியை ஒருமுறை திருத்திக்கொண்டாள். "பாத்துக்கிட்டேதான ஓட்டறேன். அதனாலதான் இன்னும் ரெண்டாவது கியருக்கே போகல."

சென்னியப்பன் கார் ஜன்னலுக்குப் பக்கத்தில் குனிந்தார். தங்கமுத்துவின் டைரி அவருக்கு நினைவுக்கு வந்தது, தானும் அப்படிச் சொல்லிவைப்பதுதான் முறை என்று தோன்றியது. "நான் காத்தால ஒம்பது மணிக்கு..." என்று தொடங்கினார்.

"ஒம்பதே காலுக்குக் கெளம்புவீங்க" என்றாள் வசந்தாமணி. "நால்ரோட்டுல டீ. பத்து மணிக்குத் தெக்கால களம், பன்னண்டுக்கு மில்லு. வெயிலா இருந்தா வடக்கு ஓரமா நடப்பீங்க. மூணு மணிக்குக் கோயில் பக்கம் வர்றப்ப தூக்கக் கலக்கத்துல இருப்பீங்க. ரோட்டத் தாண்டறப்ப எடது பக்கம் பாப்பீங்க, சோத்தாங்கைப் பக்கம் பாக்கவே மாட்டீங்க. இருபத்திநாலு வருசமாத் தெரியும்."

அவர் அங்கேயே நின்றார். அவள் வசந்தாமணி, காலையில் எழுந்ததும் காபி கொடுப்பாள், எட்டரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போவாள் என்பதைத் தாண்டி அவள் டைரிக்குச் சொல்லும்வரை அவளுடைய எந்த ரோடும் தனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை நினைத்தபடி நின்றார்.

"தள்ளி நில்லுங்க" என்றாள் அவள், சாவியைத் திருகினாள்.